புதுப்பிப்பு: கவண் பயிற்சியில் கல் திசைமாறிப் பறந்த சிக்கல்

கவண் என்பது நடுவில் கல் வைக்கும் பையுள்ள கயிறு; ஒரு முனையை விரலில் மாட்டிச் சுழற்றி, மறுமுனையை விட்டால் கல் பறக்கும். அப்படிச் சுழற்றி விடும்போது கல் அடிக்கடி இடப்புறமும், ஒருமுறை எனக்குப் பின்புறமும் பறந்தது. ஆபத்தில்லாமல் பழகுவது எப்படி என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, தலைக்கு மேல் நான்கைந்து முறை சுழற்றாமல் ஒரே சுற்றில் வீசிவிடுமாறு ஒருவர் சொன்ன யோசனைதான். சுற்றுகள் கூடக் கூடக் கயிற்றை விடவேண்டிய கணம் தவறிவிடுகிறது. தவறினால் கல் எத்திசையிலும் போகும் என்பதால், வீசுபவருக்குப் பின்னால் நிற்பதும் பாதுகாப்பல்ல. இரண்டு வாரம் டென்னிஸ் பந்தை (ஏறத்தாழ 58 கிராம்) வைத்தே பழகிவிட்டு, அதன்பிறகுதான் ஆள் நடமாட்டமில்லாத வறண்ட ஏரிக்குள் இறங்கி, கோழிமுட்டையைவிடச் சிறிய உருண்டைக் கற்களை எடுத்தேன்.

எதிர்பாராதவை இரண்டு. விடும் முனையில் நான் போட்டிருந்த பெரிய முடிச்சு விரலிடுக்கில் சிக்கித் தாமதமானதால்தான் கல் இடப்புறம் போயிருக்கிறது. முடிச்சைச் சிறிதாக்கியதும் சரியாயிற்று. மற்றொன்று, கல் போன பின் கயிற்று நுனி சவுக்குபோலத் திரும்பி என் புருவத்தில் அடித்தது. விரலளவு கீழே பட்டிருந்தால் கண்தான். அன்றுமுதல் பைக் ஓட்டும்போது அணியும் கண்ணாடியைப் போடாமல் கவணைத் தொடுவதில்லை.

பாறையை இலக்காக வைக்க வேண்டாம், கல் தெறித்துத் திரும்புகிறது. வைக்கோல் திணித்த சாக்கு ஒன்றை ஏரிக்கரையின் உட்சரிவில் சாய்த்து வைத்திருக்கிறேன். கரைமேல் யாராவது தென்பட்டால் அவர் கடக்கும்வரை கவணைக் கீழே வைத்துவிடுகிறேன்.