தண்டையார்பேட்டை தெரு குரூப்: 2026 சட்டசபைத் தேர்தல்ல யாருக்கு ஓட்டுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி

— ஞாயிறு —

கீதா (மாடி வீடு): டீச்சர், என்கிட்ட வோட்டர் கார்டு இருக்கு. போன தடவை ஓட்டும் போட்டேன். இப்பவும் பேர் இருக்கான்னு பாக்கணுமா?

மாலதி டீச்சர்: கண்டிப்பா பாக்கணும்மா. கார்டு கையில இருக்கிறது வேற, வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறது வேற. பட்டியல்ல பேர் இல்லன்னா எந்த கார்டைக் காட்டினாலும் பூத்ல விட மாட்டாங்க. 2025 நவம்பர்ல வீடு வீடா படிவம் குடுத்தாங்களே, அந்தத் தீவிரத் திருத்தம் முடிஞ்சு டிசம்பர் 19-ல வரைவுப் பட்டியல் வந்தப்போ தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல பேர் போயிருந்துச்சு. இறந்தவங்க, ரெண்டு இடத்துல பேர் இருந்தவங்க அதுல உண்டு. வீடு மாறினவங்க, பிஎல்ஓ (வீடு வீடா வர்ற பூத் அலுவலர்) வந்த நேரம் கதவு பூட்டியிருந்தவங்களும் உண்டு. நம்ம பக்கம் வாடகைக் குடித்தனம்தான் ஜாஸ்தி, அதனால ஒவ்வொரு வீடும் பாத்தே ஆகணும்.

பாஸ்கர் அண்ணன்: எப்படிப் பாக்கிறதுன்னும் சொல்லிடுங்க டீச்சர்.

மாலதி டீச்சர்: 'வோட்டர்ஸ் டாட் ஈசிஐ டாட் ஜிஓவி டாட் இன்' போங்க, இல்லன்னா தேர்தல் ஆணையத்தோட ஈசிஐநெட் ஆப் (முந்தி வோட்டர் ஹெல்ப்லைன்). கார்டு நம்பர் போட்டுத் தேடறதுதான் சுலபம். பேர் போட்டுத் தேடினா எழுத்து மாறினாலே வராது. 'செல்வி' ஒரு இடத்துல, 'செல்வீ' இன்னொரு இடத்துல இருக்கும். வரலைன்னதும் பேர் இல்லன்னு பயந்துராதீங்க, நம்ம தெரு வர்ற பாகத்துப் பட்டியலை (ஒரு பூத்துக்கு உண்டான பட்டியல்) திறந்து கதவு எண்ணை வெச்சு வரிசையா பாருங்க. கிடைச்சதும் பாகம் எண், வரிசை எண் ரெண்டையும் எழுதி வெச்சுக்கங்க. பூத்ல அந்த ரெண்டைத்தான் முதல்ல கேப்பாங்க. போன்ல பாக்கத் தெரியாதவங்க 1950-க்குக் கூப்பிட்டுக் கேக்கலாம்.

ரஹீம் பாய்: வியாசர்பாடியில இருந்து இங்க வந்த குடும்பம் ஒண்ணு நம்ம காம்பவுண்ட்ல இருக்கு. பேர் இன்னும் அங்கதான் கீது. புதுசா படிவம் 6 போடச் சொல்லட்டுமா?

மாலதி டீச்சர்: வேணாம் பாய், அங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஏற்கெனவே ஒரு இடத்துல பேர் இருந்தா படிவம் 8. முகவரி மாற்றம், பேர் வயசுத் திருத்தம், தொலைஞ்ச கார்டுக்கு மாத்து கார்டு, மாற்றுத்திறனாளின்னு குறிக்கிறது, நாலும் அந்த ஒரே படிவத்துலதான். படிவம் 6 எங்கயுமே பேர் இல்லாதவங்களுக்கு மட்டும். பழைய பேரை மறைச்சு படிவம் 6 போட்டா, பொய் உறுதிமொழின்னு ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் குடுக்க சட்டத்துல இடம் இருக்கு. திருத்தத்துல பேர் போனவங்க படிவம் 6 கூட உறுதிமொழிப் படிவத்தையும் சேர்த்துத் தரணும்.

கீதா (மாடி வீடு): திவ்யாவுக்கு 18 ஆயிடுச்சு. அவளுக்கு?

மாலதி டீச்சர்: படிவம் 6-தான். வயசுக்கு பிறப்புச் சான்றோ பத்தாவது மார்க் ஷீட்டோ ஒண்ணு, விலாசத்துக்கு ஆதார், பேங்க் பாஸ்புக், கேஸ் பில் மாதிரி ஒண்ணு, போட்டோ. உங்க கார்டு நம்பரைக் குடும்ப உறுப்பினர் கட்டத்துல போட்டா ஒரே பாகத்துல சேரும். இல்லன்னா உங்களுக்கு ஒரு ஸ்கூல், அவளுக்கு வேற ஸ்கூல்னு ஆகும். ஒரு கணக்கை எல்லாரும் மனசுல வையுங்க: வேட்புமனு கடைசி நாளுக்கு அப்புறம் அந்தத் தேர்தலுக்குப் பட்டியல்ல யாரையும் சேர்க்க முடியாது. விண்ணப்பம் வந்தா ஆட்சேபணைக்கு 7 நாள் விடணும், நேர்ல விசாரிக்கணும். அதனால அந்தக் கடைசி நாளுக்குக் குறைஞ்சது பத்து நாள் முன்னாடி குடுத்திருக்கணும். ஆன்லைன்ல போட்டா வர்ற ரெஃபரன்ஸ் நம்பரைக் கட்டாயம் எடுத்து வையுங்க, அதை வெச்சுத்தான் எந்த நிலையில இருக்குன்னு பாக்க முடியும்.

திவ்யா: ஆன்ட்டி, எம்எல்ஏ, எம்பிக்கு நாம போடுறோம். ஜனாதிபதிக்கு ஏன் நாம போடறதில்ல? அமெரிக்காவுல ரெண்டு பேரையும் மேடையில நிக்க வெச்சு கேள்வி கேக்கிறாங்களே.

வக்கீல் சேகர்: நல்ல கேள்விம்மா. நம்ம நாட்டுல ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிறது ரெண்டு சபையிலயும் தேர்வான எம்பிக்கள், எல்லா மாநிலத்துலயும் டெல்லி, புதுச்சேரியிலயும் தேர்வான எம்எல்ஏக்கள். நியமன உறுப்பினருக்கு ஓட்டு இல்ல. எம்எல்ஏ ஓட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. 1971 மக்கள்தொகையை எம்எல்ஏ எண்ணிக்கையால வகுத்து, அதை ஆயிரத்தால வகுக்கணும். தமிழ்நாட்டுக்கு ஒருத்தருக்கு 176. 234 பேருக்கும் சேர்த்து 41,184. ரகசிய ஓட்டு, கட்சி கொறடா உத்தரவு செல்லாது. 1, 2, 3-ன்னு விருப்ப வரிசை போடணும்.

வக்கீல் சேகர்: இப்போ இருக்கிற ஜனாதிபதி 2022 ஜூலை 25-ல பதவியேத்தாங்க. அஞ்சு வருஷம். அப்போ அடுத்த தேர்தல் 2027-ல. 2026-ல நாம அனுப்புற எம்எல்ஏ அந்த 176-ஐ எடுத்துக்கினு போவார். ராஜ்யசபா எம்பியைத் தேர்ந்தெடுக்கிறதும் அவங்கதான். நம்ம பூத்ல அழுத்துற பட்டன் டெல்லி வரைக்கும் போகுது, அதனால ஓட்டுப் போடாம இருந்தா மூணு இடத்துல நம்ம குரல் இல்லாம போகும்.

திவ்யா: அப்போ நிக்கிறவங்களை ஒப்பிட்டுப் பாக்கிறது எப்படி சார்? எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க.

வக்கீல் சேகர்: பேச்சை ஓரமா வை. மனு தாக்கல் ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரும் படிவம் 26-ல பிரமாணப் பத்திரம் தரணும். அது தேர்தல் ஆணையத்தோட அஃபிடவிட் தளத்துல ஏறும். எப்படிப் படிக்கிறதுன்னு அப்போ எழுதுறேன்.

— சனி, மனு பரிசீலனை முடிஞ்ச பிறகு —

வக்கீல் சேகர்: சொன்ன மாதிரி. படிவம் 26-ல முதல்ல வழக்குப் பகுதி. எத்தனை வழக்குன்னு எண்ணிட்டு நிறுத்தாதீங்க. பிரிவைப் பாருங்க. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல (ஐபிசி) 143, 188 இருந்தா பெரும்பாலும் கூட்டம் கூடினது, தடையை மீறிப் போராடினது. 420 ஏமாத்தினது, 307 கொலை முயற்சி. 2024 ஜூலை 1-க்கு அப்புறம் நடந்த குற்றமா இருந்தா புதுச் சட்டம் (பிஎன்எஸ்), நம்பர் மாறும்: 189 சட்டவிரோதக் கூட்டம், 223 உத்தரவை மீறினது, 318 ஏமாத்து, 109 கொலை முயற்சி. பத்து போராட்ட வழக்கு இருக்கிறவரும் ஒரே ஒரு 318 இருக்கிறவரும் ஒண்ணு இல்ல. 'குற்றச்சாட்டு பதிவு செய்யப்பட்டதா'ன்னு ஒரு கட்டம் வரும். ஆமான்னு இருந்தா, விசாரணைக்கு எடுக்க முகாந்திரம் இருக்குன்னு கோர்ட் பாத்தாச்சுன்னு அர்த்தம்.

பாஸ்கர் அண்ணன்: வழக்கு இருக்கிறவங்க பேப்பர்லயும் போடணும் இல்ல?

வக்கீல் சேகர்: ஆமா அண்ணா. மனு வாபஸ் முடிஞ்சதுல இருந்து பிரச்சாரம் முடியறதுக்குள்ள மூணு தடவை பேப்பர்லயும் டிவியிலயும் அவங்களே விளம்பரம் குடுக்கணும். ஏன் வேற ஆளை நிறுத்தலைன்னு கட்சியும் காரணம் சொல்லணும். ஜெயிக்கிற வாய்ப்பு அதிகம்ங்கிறதை மட்டும் காரணமா சொல்லக்கூடாதுன்னு 2020-ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அந்தக் காரணத்தைத் தேடிப் படிங்க, கட்சி எவ்வளவு அக்கறையா யோசிச்சுச்சுன்னு அதுல தெரியும்.

வக்கீல் சேகர்: அடுத்தது சொத்து. மொத்தத் தொகையைப் பாத்து வாயைப் பிளக்க வேணாம். முந்தி நின்னவரா இருந்தா அவரோட 2021 பத்திரத்தையும் பக்கத்துல திறந்து வையுங்க. நிலத்துக்கு வாங்கின வருஷம், வாங்கின விலை, இன்னைய மதிப்பு எல்லாம் தனித்தனி கட்டத்துல இருக்கும். பழைய மனை விலை ஏறி மதிப்பு கூடினா அது இயல்பு. புதுசா மனை வாங்கியிருக்கு, ஆனா அஞ்சு வருஷ வருமான வரிக் கணக்குல வருமானம் அப்படியே கிடக்குன்னா, பணம் எங்கிருந்து வந்துச்சுன்னு கடன் பகுதியைப் பாருங்க. அங்கயும் இல்லன்னா அதுதான் நேர்ல கேக்க வேண்டிய கேள்வி. மனைவி, கணவர், பிள்ளைங்க பேர்ல இருக்கிறதையும் சேர்த்துப் படிக்கணும். தெரிஞ்சே மறைச்சா மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவுல ஆறு மாசம் வரைக்கும் தண்டனை.

நிர்மலா அக்கா: சேகரு, காகிதம் சரி. நம்ம பிரச்சனைக்கு யாரு இன்னா சொல்றாங்கன்னு எப்படி பாக்கறது? எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்தப்போ காசிமேட்டு வலை, படகு எல்லாம் நாசம். எல்லாரும் வந்து பாக்கறேன்னுதான் சொல்றாங்க.

பாஸ்கர் அண்ணன்: அக்கா, அதுக்கு அந்தப் பதவிக்கு அதிகாரம் இருக்கான்னு முதல்ல பிரிக்கணும். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல எண்ணெய் வந்தது மத்திய அரசு எண்ணெய் சுத்திகரிப்பு நிறுவனமான சிபிசிஎல் பக்கத்துல இருந்து. கம்பெனியைக் கேக்கிறது எம்பி வேலை. ஆனா மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மீன்வளத் துறையும் மாநில அரசு. அங்க எம்எல்ஏ சட்டசபையில எழுந்து கேக்க முடியும். அதனால எம்எல்ஏவுக்கு நிக்கிறவங்ககிட்ட 'எண்ணெயை நிறுத்துவீங்களா'ன்னு கேக்காதீங்க. 'நிவாரணப் பட்டியல்ல மீன் விக்கிற பொம்பளைங்க, ஐஸ் லோடு தூக்கிறவங்க பேர் சேர்க்க எந்தத் துறையில எழுதுவீங்க?'ன்னு கேளுங்க. துறைப் பேரே சொல்லத் தெரியலைன்னா அவர் இதைப் பத்தி யோசிக்கலை.

ரஹீம் பாய்: கொடுங்கையூர் குப்பைக்கு?

பாஸ்கர் அண்ணன்: அந்த சுமார் 340 ஏக்கர் மாநகராட்சி கையில இருக்கு பாய். நிதியும் கொள்கையும் மாநில அரசு. 'குப்பை மேட்டை அகத்துவீங்களா'ன்னு கேட்டா நிக்கிற அத்தனை பேரும் ஆமான்னுதான் சொல்வாங்க, அதுல வித்தியாசமே தெரியாது. எரிச்சு மின்சாரம் எடுக்கிற உலை வேணுமா வேணாமான்னு கேளுங்க. வேணும்னா, புகைபோக்கி அளவீட்டை தினம் போர்டுல போடுவீங்களான்னு கேளுங்க. வேணாம்னா, தினமும் லாரியில வர்ற குப்பையை எங்க பிரிப்பீங்க, எந்த வார்டுல ஈரக்குப்பையை மக்க வைப்பீங்கன்னு கேளுங்க. பதிலை அன்னிக்கே தேதி போட்டு எழுதி இங்க போடுங்க. எல்லாருகிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்டாதான் ஒப்பிட முடியும்.

மாலதி டீச்சர்: ஏற்கெனவே எம்எல்ஏவா இருந்தவர்னா தொகுதி மேம்பாட்டு நிதி வருஷம் 3 கோடி. எந்தத் தெருவுல என்ன கட்டினார்னு கேளுங்க. எம்பிக்கு 5 கோடி. ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடறதுன்னா 10 ரூபாய் ஸ்டாம்ப், பதிலுக்கு 30 நாள். இந்தத் தேர்தலுக்குள்ள வராது, ஆனாலும் போடலாம்.

செல்வி: அக்கா, ராத்திரி கவர் குடுக்க வந்தா?

வக்கீல் சேகர்: வாங்காதீங்க செல்வி. குடுக்கிறதும் குத்தம், வாங்கிறதும் குத்தம், ஒரு வருஷம் வரைக்கும் சிறை. நம்ம ஆர்.கே.நகர்லதான் 2017 ஏப்ரல் இடைத்தேர்தலை பணப் பட்டுவாடா காரணமா ரத்து பண்ணி, டிசம்பர் 21-ல திரும்ப நடத்தினாங்க. அதனால இந்தத் தொகுதி இன்னும் எட்டு மாசம் எம்எல்ஏ இல்லாம கிடந்துச்சு. சி-விஜில்ல (தேர்தல் விதிமீறலைப் புகார் பண்ற ஆணையத்தோட வசதி) அங்கேயே போட்டோ எடுத்து அனுப்பலாம், 100 நிமிஷத்துக்குள்ள நடவடிக்கை எடுக்கணும்னு விதி. கேலரியில இருக்கிற பழைய போட்டோவை அது ஏத்துக்காது, அந்த இடத்துல நின்னு எடுக்கணும். உங்க பேர் தெரியாமயும் அனுப்பலாம்.

— ஓட்டுப் பதிவுக்கு முந்தின நாள் —

மாலதி டீச்சர்: ரேஷன் கார்டு எடுத்துக்கினு போகாதீங்க, அது செல்லாது. பூத் சிலிப் மட்டும் இருந்தாலும் செல்லாது, 2019-ல இருந்தே அப்படித்தான். வோட்டர் கார்டு இல்லன்னா ஆதார், பான், லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, மாற்றுத்திறனாளி அட்டை, இதுல ஒண்ணு ஒரிஜினலா போதும். போனை வீட்டுலயே வைங்க.

திவ்யா: உள்ள போனா என்னென்ன நடக்கும் ஆன்ட்டி?

மாலதி டீச்சர்: முதல் ஆள் பேரை சத்தமா படிப்பார், ஏஜென்ட்டுங்க சரிபார்ப்பாங்க. அடுத்தவர் இடது ஆள்காட்டி விரல்ல மை வெச்சு, பதிவேட்டுல கையெழுத்து வாங்கி, சின்ன சீட்டு தருவார். மூணாவது ஆள் அந்தச் சீட்டை வாங்கிக்கினு தன் மெஷின்ல பட்டனை அழுத்தினாதான் உன் மெஷின்ல பச்சை விளக்கு எரியும். அதுக்கு முன்னாடி அழுத்தினா பதிவாகாது, பதறாம நில்லு. பட்டனை அழுத்தினா சின்னத்துக்குப் பக்கத்துல சிவப்பு விளக்கு, நீளமா ஒரு பீப். பக்கத்துல இருக்கிற விவிபேட் (சீட்டு அச்சடிக்கிற மெஷின்) கண்ணாடியில வரிசை எண், பேர், சின்னம் இருக்கிற சீட்டு 7 நொடி தெரியும். அதைப் பாத்துட்டுதான் திரும்பணும். சீட்டு உள்ளேயே விழுந்துடும், கையில தர மாட்டாங்க.

பாஸ்கர் அண்ணன்: ஒரு மெஷின்ல நோட்டாவோட சேர்த்து 16 பேர்தான். 2017 டிசம்பர்ல இங்க 59 பேர் நின்னதால நாலு மெஷின் வெச்சாங்க. அந்த மாதிரி ஆனா நம்ம ஆள் எந்த மெஷின்ல, எத்தனாவது வரிசைன்னு வீட்டுலயே பாத்துட்டுப் போங்க. ஒரே பேர்ல ரெண்டு மூணு பேர் நிப்பாங்க, பேரை மட்டும் பாத்து அழுத்தாதீங்க, சின்னத்தையும் பாருங்க.

ரஹீம் பாய்: நம்ம பேர்ல வேற யாராச்சும் போட்டுட்டா?

வக்கீல் சேகர்: திரும்பி வந்துராதீங்க பாய். தலைமை அலுவலர்கிட்ட அடையாளம் காட்டி 49P விதிப்படி டெண்டர் ஓட்டு கேளுங்க. மெஷின்ல போட விட மாட்டாங்க, வாக்குச்சீட்டு தருவாங்க, முத்திரை போட்டுத் தந்தா தனி கவர்ல வைப்பாங்க. எண்ணிக்கை அன்னிக்கு எண்ண மாட்டாங்க. ஆனா வித்தியாசம் கம்மியா இருந்து வழக்கு போனா, அந்தக் கவர்தான் கோர்ட்டுல பேசும்.

செல்வி: எங்க ஓனர் சவுகார்பேட்டை கடையில லீவு இல்லன்றார்.

வக்கீல் சேகர்: மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 135B பிரிவு. ஓட்டு இருக்கிற தொழிலாளிக்கு சம்பளத்தோட லீவு குடுக்கணும், தினக்கூலிக்கும் பொருந்தும். அவருக்கு இந்த மெசேஜை அனுப்பு. அப்படியும் விடலைன்னா சாயங்காலம் வந்துடு, முடியற நேரத்துல வரிசையில நிக்கிற எல்லாருக்கும் டோக்கன் குடுத்து போட விடுவாங்க, எவ்வளவு நேரம் ஆனாலும்.

நிர்மலா அக்கா: எங்க அம்மாவுக்குக் கண்ணு தெரியாது. நான் கூடப் போகலாமா?

மாலதி டீச்சர்: போகலாம் அக்கா. 18 வயசு முடிஞ்ச ஒருத்தர் துணைக்கு வரலாம். ஆனா ஒரு நாளைக்கு ஒருத்தருக்குத்தான் துணை போக முடியும், அதுக்கு ஒரு உறுதிமொழியில கையெழுத்து வாங்குவாங்க. உங்க அம்மாவுக்கும் பக்கத்து வீட்டு ஆயாவுக்கும் நீங்களே போறதா இருந்தா, ஆயாவுக்கு வேற ஆளைப் பாருங்க.

நிர்மலா அக்கா: ஆயாவுக்கு திவ்யா போகட்டும். காலையில 7 மணிக்குக் கிளம்புறோம், வெயில் ஏறிட்டா ஆயாவால நிக்க முடியாது.

திவ்யா: சரி அக்கா. ஆயா ஆதாரை இப்பவே எடுத்து வெளியில வைக்கச் சொல்லுங்க.