புதுப்பிப்பு: அந்த 300 டாலர் வந்துவிட்டது

அமெரிக்காவில் புதுக் கணக்கு தொடங்கினால் 300 டாலர் தருவதாக ஒரு வங்கி சொல்கிறது, நம்பலாமா என்று ஜனவரியில் கேட்டிருந்தேன். நேற்று பணம் வந்துவிட்டது! ஆனால் சுலபமாக வரவில்லை. அதற்கு டைரக்ட் டெபாசிட் (சம்பளம் போன்ற பணம் நேரடியாகக் கணக்கில் வருவது) இருக்க வேண்டும். என் இன்னொரு கணக்கிலிருந்து நானே அனுப்பிய தொகையை டைரக்ட் டெபாசிட்டாக அவர்கள் ஏற்கவில்லை. அப்புறம் சம்பளத்தையே அங்கே போகும்படி மாற்றினேன். அதற்குள் இருப்பு குறைவு என்று 12 டாலர் மாதக் கட்டணம் பிடித்துவிட்டார்கள், அதுதான் வருத்தம்.

இந்த 300 டாலர் போனஸ், வரிக்கு வட்டி வருமானமாகவே கருதப்படும். 1099-ஐஎன்டி படிவம் (வட்டி வருமானத்தைக் காட்டி வங்கி அனுப்பும் வரிப் படிவம்) வந்தாலும் வராவிட்டாலும் வரித் தாக்கலில் காட்டிவிடுங்கள். ஆறு மாதத்துக்குள் மூடினால் போனஸைத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று என் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதனால் ஆகஸ்ட் வரை கணக்கு அப்படியே இருக்கும்.