பின் ஆக்ஸில் எது, பி.சி.டி. (வீல் போல்ட் வட்டத்தின் விட்டம்) எவ்வளவு? ஸ்கேலில் 108 வருகிறது, உதவுங்கள்

கேள்வி

வணக்கம். 1999 ஜீப் ராங்லர் டி.ஜே. ஒன்று வாங்கியிருக்கிறேன். பின் சக்கரங்கள் இல்லாமல் கட்டை மேல் நின்ற வண்டி. முன்பு வைத்திருந்தவர் பின் ஆக்ஸிலை மாற்றியிருக்கிறார். எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்று அவருக்கே நினைவில்லை. ஐந்து ஸ்டட் (வீலை மாட்டும் போல்ட்), டிஸ்க் பிரேக், பின் கவரில் பத்து போல்ட். ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து எதிரே இருக்கும் ஸ்டட்டின் நடு வரை ஸ்டீல் ஸ்கேல் வைத்தேன். 108-க்கும் 109-க்கும் இடையில் நிற்கிறது. அப்படியென்றால் 5×108 (ஐந்து ஸ்டட், பி.சி.டி. 108 மி.மீ.) தானே? முன்னால் மாட்டியிருப்பதும் கையில் இருக்கும் இரண்டு வீலும் 5×114.3. அடாப்டர் வாங்குவதா, வீலை மாற்றுவதா என்று புரியவில்லை.

பதில் 1

நண்பரே, எதையும் வாங்காதீர்கள். முன் வீல் ஒன்றைக் கழற்றி, அந்த ஹப்பிலும் இதே மாதிரி அளந்து பாருங்கள். முன்பக்கம் கம்பெனி ஆக்ஸில் என்றால் அது 114.3 என்பதில் சந்தேகமே இல்லை. ஸ்கேல் அங்கே என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

பதில் 2

ஒரு ஸ்டட்டின் நடுவிலிருந்து தூரத்து ஸ்டட்டின் வெளி ஓரம் வரை அளந்தால் பி.சி.டி. வந்துவிடும். நான் எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன்.

பதில் 3

பதில் 2-இல் அண்ணன் சொன்ன வழி தோராயத்துக்குச் சரி. ஆனால் அது ஸ்டட்டின் தடிமனைப் பொறுத்து மாறும். வீலின் ஓட்டையில் அளந்தால் ஓட்டை பெரிது, விடை இன்னும் தள்ளிப்போகும்.

விஷயம் இதுதான்: நாலு, ஆறு ஸ்டட்டில் நேர் எதிரே ஒன்று இருக்கும், ஐந்தில் இருக்காது. நீங்கள் "எதிரே" என்று எடுத்தது ஒன்று தள்ளி இருக்கும் ஸ்டட். அந்த நேர்க்கோடு வட்டத்தின் மையம் வழியாகப் போகாது, அதனால் விட்டத்தை விடக் குறைவாகவே காட்டும். விட்டத்தை 0.951-ஆல் பெருக்கிய அளவுதான் வரும். 114.3-க்கு அது 108.7! உண்மையான 5×108 ஹப்பில் அதே இடத்தில் 102.7 தான் வரும்.

சரியாக அளக்க, பக்கத்துப் பக்கத்து ஸ்டட் இரண்டை எடுங்கள். நடுவைக் கண்ணால் தேட வேண்டாம். ஒன்றின் இடது ஓரத்திலிருந்து அடுத்ததன் இடது ஓரம் வரை அளந்தாலே நடுவுக்கு நடு கிடைத்துவிடும். அதை 1.701-ஆல் பெருக்கினால் பி.சி.டி. 67.2 வந்தால் 114.3. கிடைத்தால் வெர்னியர் பயன்படுத்துங்கள், ஏனென்றால் 5×115-க்கு 67.6. அரை மில்லிமீட்டர் கூட வித்தியாசம் இல்லை, ஸ்கேல் காட்டிக்கொடுக்காது. தவறான வீலும் இழுத்துப் பிடித்து முறுக்கினால் ஏறிவிடும். அப்புறம் நட் சீட்டில் சரியாக உட்காராமல், ஓட்டத்தில் தளரும். அதைத்தான் பயப்பட வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. முன் ஹப்பிலும் அதே 108-109 தான்! வெர்னியர் வாங்கிவந்து பின்னால் பக்கத்து ஸ்டட்டுகளை வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்தேன்: 79.9. ஸ்டட் தடிமன் 12.7. கழித்தால் 67.2. அடுத்து ஆக்ஸில். கவரைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்ததும் ஒரு போல்ட்டின் கீழ் சின்னத் தகடு தெரிந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் 3L73, அதன் கீழே 88.

பதில் 3

அருமை, தகடு இன்னும் இருக்கிறதே! அது ஃபோர்டு 8.8. கிரௌன் வீலின் (உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரம்) விட்டம் 8.8 அங்குலம், பல் விகிதம் 3.73, புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் L இருந்தால் லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் அமைப்பு). பத்து போல்ட்டை மட்டும் வைத்து நான் சொல்லியிருக்க மாட்டேன், ஜீப்பில் வரும் டானா 35, டானா 44 ஆக்ஸில் இரண்டுக்கும் பத்துதான். டிஸ்க் பிரேக்கும் 5×114.3-உம் சேர்ந்திருப்பதைப் பார்த்தால் 1995-2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரிலிருந்து வந்திருக்க வேண்டும். பினியன் (ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் சிறு பல்சக்கரம்) நட்டநடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கிறதா, ஆக்ஸில் டியூபின் வெளி விட்டம் 3.25 அங்குலமா என்று பாருங்கள்.

பழைய தகடு, உள்ளே கியரை யாராவது மாற்றியும் இருக்கலாம். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்ஸிலின் இரு பக்கமும் ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் போடுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு, ஹப்பை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டு ஹப்பும் ஒரே திசையில் திரும்பினால் ஷாஃப்ட் கிட்டத்தட்ட கால் குறைய நாலு சுற்று சுற்ற வேண்டும். ஆயில் மாற்றும்போது லிமிடெட் ஸ்லிப்புக்கான ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையரும் சேருங்கள், இல்லாவிட்டால் வளைவில் கிளட்ச் தகடுகள் நடுங்கிச் சத்தம் போடும்.

முன் ஆக்ஸில் விகிதத்தையும் பார்த்துவிடுங்கள். முன்னும் பின்னும் வேறாக இருந்தால், கெட்டியான சாலையில் ஃபோர் வீல் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்ஸிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும்.

கேட்டவர்

ஷாஃப்ட் நாலாவது சுற்றில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது, இரண்டு ஹப்பும் ஒரே பக்கம் திரும்பின. பினியன் தள்ளித்தான் இருக்கிறது, டியூப் 82.5 மி.மீ. முன் கவரின் தகட்டில் 41 11 என்று இருக்கிறது.

பதில் 3

41-ஐ 11-ஆல் வகுத்தால் 3.73. முன்னும் பின்னும் ஒன்றுதான். வீலை மாட்டுங்கள், நட்டை ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில் முறுக்குங்கள். முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை முறுக்கம் பாருங்கள்.