வடதுருவத்துக்கு டிஜிட்டல் சிற்றலை: காசைக் கரியாக்கும் வேலையா?

சிற்றலை ரசிகன் (பண்டாரவளை)
ரஷ்யாவின் தூரக்கிழக்கில் கொம்சொமோல்ஸ்க் என்ற ஊரிலிருந்து, நாட்டின் வடகிழக்கு முனையில் உள்ள சுக்கோத்காவுக்கு டிஆர்எம் முறையில், அதாவது டிஜிட்டல் சிற்றலையில், ஒலிபரப்பிப் பார்த்தார்கள். போனது அங்குள்ள அனாதிர் நகரத்து ரேடியோ புர்காவின் நிகழ்ச்சி. இரண்டு ஊருக்கும் இடையில் ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர், நடுவில் ஒரு டவர் கூட வேண்டியதில்லை. 2014 ஜனவரியில் ரஷ்யா நெட்டலை (லோங் வேவ்) ஒலிபரப்பை மூடியபோது பனிவெளியில் மான் மேய்க்கிறவர்களுக்கும் கப்பலில் போகிறவர்களுக்கும் இருந்த ஒரே குரல் போய்விட்டது. அந்த இடத்தை நிரப்ப இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கருத்து. பழைய ஏ.எம். முறையில் ட்ரான்ஸ்மிட்டர் வெளியே விடும் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் வெறும் காவி அலைக்கே, அதாவது ஒலியைச் சுமந்து போகும் அடிப்படை அலைக்கே, போய்விடும், அதில் பேச்சும் இல்லை பாட்டும் இல்லை. டிஜிட்டலில் அந்த வீண்செலவு கிடையாது. இங்கே மலையில் இருக்கிற நாமும் இதைக் கவனிக்க வேண்டும்.

டவர் தம்பி (ஹட்டன்)
அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை ஒத்துக்கொள்ள முடியாது. டிஆர்எம் கூட்டமைப்பு தொடங்கியது 1998இல், முறையான ஒலிபரப்பு தொடங்கியது 2003இல். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கடையில் போய் ஒரு டிஆர்எம் ரேடியோ வாங்க முடிகிறதா? அனுப்புகிறவன் தயார், கேட்கிறவன் கையில் பெட்டி இல்லை. துருவத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு நடந்தால் அதிலிருந்து வரும் புரோத்தன்கள் பூமியின் காந்தப்புலத்தின் வழியாக நேராகத் துருவத்தில்தான் இறங்கும், சிற்றலையைத் திருப்பி அனுப்பும் மேல்வானத் தட்டான அயனமண்டலத்தின் அடித்தட்டு சிற்றலையை அப்படியே விழுங்கிவிடும், சில நேரம் நாள்கணக்கில். ஏ.எம். என்றால் இரைச்சலோடு இரைச்சலாக ஒரு சொல்லாவது காதில் விழும். டிஜிட்டலில் சிக்னல் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒன்றுமே வராது, முழு மௌனம். இப்போது செயற்கைக்கோள் இன்டர்நெட் துருவத்துக்கும் போகிறது, ஸ்டார்லிங்க் நம் நாட்டுக்கே வந்துவிட்டது. அதை விட்டுவிட்டு ஏன் இதில் காசு போட வேண்டும்?

சிற்றலை ரசிகன்
தம்பி, அந்த டிஷ்ஷுக்கு மணிக்கணக்கில் 50 வாட், 70 வாட் கொடுக்க வேண்டும். மைனஸ் 40இல் கூடாரத்தில் இருக்கிறவன் அதற்குக் கரண்டுக்கு எங்கே போவான்? பழைய வகை, அதாவது ஓரிடத்தில் நிலையாக நிற்கும் செயற்கைக்கோள், நமக்குத் தலைக்கு மேல் நிற்கிற மாதிரி அவர்களுக்கு நிற்காது. 70 பாகை வடக்கில் அடிவானத்திலிருந்து 11 பாகை உயரத்தில்தான் தெரியும், 81 பாகையைத் தாண்டினால் அடிவானத்துக்குக் கீழே போய்விடும். ஒரு சின்ன மேடு இருந்தாலே மறைத்துவிடும்.

லிந்துலை மகன்
எப்.எம். டவர் கட்டினால் போதாதா? நோர்வே 2017இல் தேசிய எப்.எம்.மையே நிறுத்திவிட்டு டாப் என்ற டிஜிட்டலுக்கு மாறியது. அதுவும் ஆர்க்டிக் நாடுதானே.

சிற்றலை ரசிகன்
நோர்வேயிடம் எண்ணெய்க் காசு இருக்கிறது தம்பி, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு டவர் நட்டார்கள். கனடாவைப் பாருங்கள். 2012இல் சக்வில் சிற்றலை நிலையத்தை மூடிவிட்டு வட கியூபெக்கில் இனுயிட் மக்களின் ஐந்து ஊர்களில் சின்ன எப்.எம். வைத்தார்கள். ஊருக்குள் இருந்தவன் கேட்டான். வேட்டைக்கு ஊரைத் தாண்டிப் போனவனுக்கு? எப்.எம். மலையையும் வளைவையும் தாண்டாது.

பொகவந்தலாவை டீச்சர்
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்குத் தொழில்நுட்பம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் பள்ளத்தாக்கில் இருப்பது என்றால் என்ன என்று தெரியும். எங்கள் டிவிஷன் ஆற்றுப் பக்கம், பள்ளத்தில். போன மழைக்காலத்தில் மூன்று நாள் கரண்ட் இல்லை, இரண்டாம் நாள் போன் டவரும் படுத்துவிட்டது. அதில் யாரைக் குறை சொல்வது என்று இங்கே பேச வரவில்லை. மேலே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், சுவர் வெடித்திருக்கிறது என்று ஒரு பையன் ஓடி வந்து சொன்ன பிறகுதான் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டி வந்தோம். பின்பக்க மேடு இறங்கிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்று கூட ஒருவரும் சொல்லவில்லை, இரவு முழுக்க மழைச்சத்தம்தான் கேட்டது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். அந்தத் துருவத்து ரேடியோ இப்படி ஒரு இரவில் எனக்குப் பேசுமா?

சிற்றலை ரசிகன்
பேசும் டீச்சர். 3இலிருந்து 7 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் உள்ள அலையை நேராக மேலே அனுப்பினால் அயனமண்டலத்தில் பட்டு மழை மாதிரி மேலிருந்தே இறங்கும். முன்னூறு, நானூறு கிலோமீற்றர் தூரத்துக்குள் எந்தப் பள்ளத்தையும் விடாது. நம் தீவே தெற்கு வடக்காக 430 கிலோமீற்றர்தான். டிஆர்எம்மில் அவசர எச்சரிக்கை வசதியும் இருக்கிறது, வேறு நிலையம் கேட்டுக்கொண்டிருந்தாலும் பெட்டி தானாக எச்சரிக்கைக்கு மாறும், தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தாகவும் காட்டலாம்.

டவர் தம்பி
பெட்டி ஓடிக்கொண்டிருந்தால்தான் மாறும் அண்ணா, அதைச் சொல்லாமல் விடாதீர்கள். டீச்சர், நீங்கள் சொன்னதைப் படித்து மனசு கஷ்டமாகிவிட்டது, அதனால் சரியானதைச் சொல்லியாக வேண்டும். 1963இல் கேரளத்துத் தும்பாவில் ரொக்கெட் தளம் போட்டதே காந்த மத்தியரேகை, அதாவது பூமியின் காந்தப்புலத்தின் நடுக்கோடு, அந்த வழியாகப் போவதால்தான். அது நமக்கும் பக்கம். இந்த ரேகைக்குப் பக்கத்தில் பொழுது சாய்ந்த பிறகு அயனமண்டலம் நுரைத்த பால் மாதிரி கொந்தளிக்கும், சிற்றலை உடையும். துருவத்தில் ஒரு விதக் கொந்தளிப்பு, இங்கே வேறு விதம். இரவு மழையிலும் மண் சரியுமே.

சிற்றலை ரசிகன்
அதனால்தான் துருவச் சோதனையைப் பார்க்கச் சொல்கிறேன்! சிற்றலை டிஆர்எம்மில் ஏ, பி, சி, டி என்று நான்கு தாங்கும் முறைகள், அதில் டி இப்படிக் கொந்தளிக்கும் வானத்துக்காகவே வைத்தது. பாட்டின் தரம் குறையும், ஆனால் சொல் வந்து சேரும். எச்சரிக்கைக்கு அது போதாதா?

லிந்துலை மகன்
இந்தியாவில் முப்பதுக்கும் மேற்பட்ட மத்திய அலை நிலையங்களில் டிஆர்எம் இருக்கிறதாம், கார்களிலேயே பூட்டி வருகிறதாம்.

டவர் தம்பி
கார் வைத்திருப்பவனுக்கு போனும் இருக்கும். மான் மேய்க்கிறவனுக்கும் கொழுந்து பறிக்கிற அக்காவுக்கும் கார் எங்கே? ரசிகன் அண்ணா, ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், வானத்தைப் பற்றி நான் சொன்னது சரி, ஆனால் அதை வைத்து வேண்டாம் என்று முடிவு கட்டியது அவசரம். ஆனால் பெட்டி விஷயத்தில் நான் மாற மாட்டேன். ஒரு லயத்துக்கு ஒரு பெட்டியாவது, சோலார் தகட்டோடு, இலவசமாகக் கொடுக்கத் திட்டம் இல்லாமல் ட்ரான்ஸ்மிட்டர் மட்டும் போட்டால் அது சுக்கோத்காவிலும் வீண், பொகவந்தலாவையிலும் வீண்.

பொகவந்தலாவை டீச்சர்
தம்பி சொல்வது சரி. எங்களுக்குக் கொடுக்கிறோம் என்று வந்த எத்தனையோ சாமான் கச்சேரியோடு, அரசாங்கக் கந்தோரோடு, நின்றுபோனது. ஆனால் கேட்டுப் பார்க்காமல் எங்கள் பள்ளத்தில் வருமா வராதா என்று எப்படிச் சொல்வது?

டவர் தம்பி
என்னிடம் கணினியில் செருகும் சின்ன ரிசீவர் ஒன்று இருக்கிறது, ட்ரீம் என்ற இலவச மென்பொருள் டிஆர்எம்மைப் பிரித்துக் கொடுக்கும். வரும் சனிக்கிழமை எனக்கு லீவு. அண்ணாவும் வந்தால் இந்தியாவிலிருந்து வருவதைப் பகலிலும், இருட்டிய பிறகும் பிடித்துப் பார்க்கலாம். இந்தியா தூரம் என்பதால் நேராக மேலே போய் இறங்கும் அலைக்கு இது சரியான சோதனை இல்லை. இரவில் எவ்வளவு உடைகிறது என்றாவது தெரியும்.

சிற்றலை ரசிகன்
வருகிறேன். இருபது மீற்றர் வயர் கொண்டு வருகிறேன், டீச்சர், பாடசாலைக்குப் பின்னால் உள்ள சவுக்கு மரத்தில் கட்ட அதிபரிடம் கேட்டு வையுங்கள். உயரம் தேவையில்லை, தலைக்கு மேல் இருந்தால் போதும்.