ஐஸ் கம்பெனி வெளிமணி அடிக்க மாட்டேங்குது, யாராவது வழி சொல்லுங்க

மண்டபம்ஐஸ்:
வணக்கம். மண்டபம் தென்கடல் பக்கம் ஐஸ் கம்பெனில வேல பாக்குறேன். ஆபீஸ்ல சின்ன இபிஏபிஎக்ஸ் (உள்ளுக்குள்ள போன்களை இணைக்கிற எக்ஸ்சேஞ்ச் பெட்டி), அதுல ஒரு எக்ஸ்டென்ஷன் போனோட ஒயர் சேத்து இழுத்து பின்னாடி ஷெட் சுவத்துல பெரிய மணி மாட்டியிருக்கு, ஒயரு ஒரு 60 மீட்டர் இருக்கும். கம்ப்ரசர் ஓடுற சத்தத்துல செல் அடிச்சா யாருக்கும் கேக்காது, போட்டுக்காரவுக எத்தன பார் ஐஸ் வேணும்னு கூப்புடுறது இந்த மணிய நம்பித்தான். ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், மணிக்கு வேலையே இல்ல. இப்ப போட்டுக கடல்ல எறங்குனப்புறம் பாத்தா ஆபீஸ் போன் நல்லா அடிக்குது, மணி மட்டும் லேசா நடுங்கிட்டு நின்னுருது. மீட்டர் இருக்கு, எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

தொண்டிக்காரன்:
காயில் போயிருக்கும் ப்ரோ, புதுசு மாட்டுங்க.

பழையலைன்மேன்:
தம்பி, காசு செலவழிக்க அவசரப்படாதீக. மொதல்ல மணிய கழட்டி ஆபீஸுக்கு கொண்டுவந்து அதே எக்ஸ்டென்ஷன்ல நேரா மாட்டி, இன்னொரு எக்ஸ்டென்ஷன்லேருந்து கூப்புட்டு பாருங்க. அடிச்சா மணி மேல குத்தமில்ல. ரெண்டு தடவ அடிச்சதும் போன எடுத்த மாதிரி கட் ஆனா உள்ள கண்டென்சர் ஷார்ட், அதுதான் டிசிய தடுக்குறது.

அடுத்து ஷெட்ல மணி இல்லாம வெறும் ஒயர்ல மீட்டர் வச்சு பாருங்க. சும்மா இருக்கையில 48 வோல்ட் டிசி வரும், சின்ன பெட்டில 24 கூட இருக்கும். ரிங் வரும்போது ஏசில பாக்கணும், 75 வோல்ட் பக்கம், 25 ஹெர்ட்ஸ். நம்ம ஊரு ரிங் விட்டுவிட்டு வரும், மீட்டர் குதிக்கும், அதிகமா தொட்ட நம்பர குறிச்சுக்கங்க. அப்பறம் மணிய மாட்டிட்டு அதே எடத்துல திரும்ப பாருங்க. மீட்டர் கரண்டே இழுக்காது, அதனால அரிச்சுப்போன ஜாயிண்ட்லயும் வோல்ட்ட முழுசா காட்டி ஏமாத்தும். மணி இழுக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ரிங் வரும்போது ஒயர வெறுங்கையால தொடாதீக, சுருக்குன்னு புடிக்கும்.

மண்டபம்ஐஸ்:
அண்ணே நீங்க சொன்ன மாதிரியே பாத்தேன். ஆபீஸ்ல மணி கணீர்னு அடிக்குது. ஷெட்ல வெறும் ஒயர்ல 70 தொடுது, மணி மாட்டுனதும் 20க்கு கீழ படுத்துருது!

பழையலைன்மேன்:
அப்ப லைன்லதான் கோளாறு. ஆபீஸ் பக்கம் ஒயர பெட்டிலேருந்தும் போன்லேருந்தும் கழட்டிருங்க, ஷெட் பக்கம் மணிய கழட்டிட்டு ரெண்டு ஒயரயும் சேத்து முறுக்குங்க, ஆபீஸ்லேருந்து ஓம்ல பாருங்க. 0.5 மில்லி செம்பு 60 மீட்டருக்கு போயிட்டு வர பத்து ஓம்தான் வரணும். கிலோ ஓம்ல ஆடுச்சுன்னா நடுவுல இருக்குற ஜங்ஷன் பெட்டியெல்லாம் தொறந்து பாருங்க. கச்சான் காத்து அடிக்கிற தென்கடல் ஓரத்துல உப்புத்தண்ணி சாரல் எங்கெல்லாம் நொழையும்னு ஒங்களுக்கே தெரியும்.

மண்டபம்ஐஸ்:
கிலோ ஓம்ல ஆடுனுச்சு அண்ணே, ஒரு நம்பர்ல நிக்கவே இல்ல. ஷெட் எறவாணத்துக்கு கீழ ஒரு பெட்டி, மூடியில பாதி ஒடஞ்சு கெடந்துச்சு. ஸ்குரூ முழுக்க பச்சையா களிம்பு, ஒயர தொட்டதும் கையோட வந்துருச்சு, சீவிப் பாத்தா உள்ளயும் ஒரு சாண் தூரம் கருப்பா போயிருக்கு.

பழையலைன்மேன்:
கருப்ப விட்டு வைக்காதீக, பளபளன்னு செம்பு தெரியிற வரைக்கும் வெட்டிருங்க. ஒயர் எட்டலன்னா பெட்டிய நகத்துங்க, முறுக்கி டேப் சுத்துற வேல மட்டும் வேணாம். ஜெல் உள்ள கனெக்டர் போடுங்க, ஒயர் கீழ்ப்பக்கமா நொழையணும், நொழையிற எடத்துக்கு முன்னாடி கொஞ்சம் தொங்கவிட்டா தண்ணி அங்கயே சொட்டிரும்.

தொண்டிக்காரன்:
அண்ணே எங்க மீன் வாடில ரிலே (ரிங் வந்தா தானா தட்டுற சுவிட்ச்) வச்சு 230 வோல்ட் ஹூட்டர் ஓடுது, அதுக்கும் இதே டெஸ்டா?

பழையலைன்மேன்:
ரிலே வரைக்கும் இதேதான். ரிங் வரும்போது ரிலே டக்குன்னு தட்டுதான்னு கேளுங்க. தட்டியும் ஹூட்டர் கத்தலன்னா எம்சிபிய (கரண்ட கட் பண்ற சுவிட்ச்) ஆஃப் பண்ணிட்டு கான்டாக்ட பாருங்க, கரிஞ்சிருக்கும். கரண்ட் வேல தெரிஞ்ச ஆள வச்சே தொறங்க.

மண்டபம்ஐஸ்:
வெட்டி புது கனெக்டர் போட்டாச்சு. மணி மாட்டியும் இப்ப 65க்கு மேல நிக்குது, ஜெட்டி வரைக்கும் கேக்குதாம். ரொம்ப நன்றி அண்ணே.