பர்மா முனையில் இராணுவப் புகைப்படக்காரர்கள் எப்படி வேலை செய்தார்கள்?

கேள்வி: கணியம்பாடிவாசி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத குடும்பம் அரிது. அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே பலரும் அழைப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் என் தாத்தா வண்டி ஓட்டுநராகப் பர்மா முனைக்குச் சென்றார். அங்கே சில மாதங்கள் ஓர் இராணுவப் புகைப்படக்காரருக்கு ஜீப் ஓட்டியதாக என் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் கொண்டுவந்த ஒரு கட்டுப் புகைப்படங்கள் இப்போது என்னிடம் உள்ளன. சிலவற்றின் பின்புறத்தில் ஊதா மை முத்திரையும், எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடும் இருக்கின்றன.

படங்களில் சிப்பாய்கள் தேநீர் குடிக்கிறார்கள், பாலம் கட்டுகிறார்கள், சிரிக்கிறார்கள். தாத்தா வீட்டில் சொன்னதோ சேற்றையும் மலேரியாவையும் பிணவாடையையும் பற்றித்தான். அந்தப் புகைப்படக்காரர் பத்திரிகைக்காரரா, சிப்பாயா? இப்படங்களை எந்த அளவுக்கு நம்பலாம்? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஓய்வுபெற்ற ஹவில்தார், குடியாத்தம்

தம்பி, இராணுவப் புகைப்படக்காரர் முதலில் சிப்பாய். போர்ச் செய்தியாளர் சீருடை அணிந்து படையோடு போனாலும் சட்டப்படி குடிமக்களில் ஒருவரே. பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பு அவருக்குக் கிடைக்கும். இராணுவப் புகைப்படக்காரருக்குப் பதவி, சம்பளப் புத்தகம், ஆயுதம் எல்லாம் உண்டு; மேலதிகாரி காட்டும் இடத்துக்குப் போகவேண்டும், எடுத்த படம் அரசுக்குச் சொந்தம்.

பிரிட்டிஷ் இராணுவம் தன் திரைப்பட, புகைப்படப் பிரிவை 1941 அக்டோபரில் அமைத்து, இங்கிலாந்தின் பைன்வுட் திரைப்பட ஸ்டுடியோவில் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. தென்கிழக்காசியப் போர்முனையில் அதன் ஒன்பதாம் எண் பிரிவு இயங்கியது. இந்திய இராணுவத்தின் மக்கள் தொடர்பு இயக்ககமும் தனியாகப் படமெடுக்க ஆட்களை வைத்திருந்தது. உங்கள் தாத்தா இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் வண்டி ஓட்டியிருக்க வேண்டும்.

வேலை எப்படி நடந்தது என்பதையும் சொல்கிறேன். பிரிட்டிஷ் பிரிவினர் பலரிடம் இருந்தது சூப்பர் ஐகான்டா என்னும் மடிப்புக் கேமரா. ஒரு சுருளில் பத்துப் பன்னிரண்டு படங்கள் கிடைத்தால் அதிகம். சினிமா எடுத்தவர்களிடம் சாவி கொடுத்து முடுக்கும் கேமரா இருந்தது. அதில் நூறு அடிச் சுருள் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும், ஒலி கிடையாது. சுட்டுக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்கினால்தான் படம் கிடைக்கும். சுருள் தீர்ந்தால் கேமராவைத் திறந்து மாற்றவேண்டும், அப்போது இரண்டு கைகளும் துப்பாக்கியை விட்டுவிடும். ஜப்பானியர் மறித்திருந்த கொஹிமா–இம்பால் சாலை 1944 ஜூன் 22 அன்று மீண்டும் திறக்கப்பட்டபோது மழைக்காலம் தொடங்கியிருந்தது. அந்த ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், பிலிமின் மேற்பூச்சு ஊறி இளகும்.

படம் எடுத்ததோடு வேலை முடியாது. ஒவ்வொரு சுருளுக்கும் விவரத்தாள் எழுதவேண்டும்: இடம், நாள், படைப்பிரிவு, படத்தில் இருப்பவர் பெயர், பதவி, முடிந்தால் ஊர். சுருளும் தாளும் பின்தளத்துக்குப் போகும். அங்கே கழுவி, தணிக்கை செய்து, பத்திரிகைகளுக்குக் கொடுப்பார்கள். எடுத்தவர் தன் படத்தைப் பல வாரங்கள் பார்க்காமலே இருந்ததும் உண்டு. சேற்றுப் பாதையில் அந்தச் சுருள்களைச் சேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்ததில் ஜீப் ஓட்டியவரின் பங்கு பெரிது. எந்த விவரத்தாளிலும் அவர் பெயர் வராது என்பதில் எனக்கு வருத்தமே.

குறியீட்டைப் பாருங்கள். ஐ.என்.டி. என்று தொடங்கினால் இந்தியத் தொடர், எஸ்.இ. என்று தொடங்கினால் தென்கிழக்காசியத் தொடர். இரண்டும் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எண்ணைக் கொண்டு அதன் இணையதளத்தில் தேடலாம்.

பதில்: வரலாற்று ஆசிரியை, ஆற்காடு

ஹவில்தார் ஐயா சொன்ன தணிக்கை என்ற இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனெனில் சகோதரர் கேட்ட நம்பகத்தன்மைக்கு விடை அங்கேதான் இருக்கிறது. உங்கள் கட்டில் உள்ளவை பெரும்பாலும் தணிக்கையைக் கடந்த படங்கள். ஊரில் இருப்பவர்களுக்குத் தெம்பூட்டவும், ஆள் சேர்க்கவும், கூட்டுப்படைகளுக்குக் காட்டவும் அவை தேவைப்பட்டன. சிப்பாய் சிரித்தது உண்மைதான். அன்று அதே முகாமில் நடந்த மற்றவை அச்சாகவில்லை.

அரங்கேற்றியும் எடுத்திருக்கிறார்கள். 1915இல் பிரான்சில் இந்தியச் சிப்பாய்களைப் படமெடுத்த கிர்ட்வுட் என்னும் புகைப்படக்காரர், சில சண்டைக் காட்சிகளை முன்னணிக்குப் பின்னால் நடத்தி எடுத்தார். ஆனாலும் அந்தச் சிப்பாய்களின் தலைப்பாகை, நடை, களைத்த கண்கள் ஆகியவை பொய்யாகிவிடவில்லை. ஆகவே முழுப் படத்தையும் நம்புவதா தள்ளுவதா என்று பார்க்காமல், எந்தப் பகுதி யாருக்காக ஒழுங்குபடுத்தப்பட்டது என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

மறுபுறமும் உண்டு. 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் நாஜி வதைமுகாமுக்குள் சென்ற அதே பிரிட்டிஷ் பிரிவினர், மறைக்கவோ அழகுபடுத்தவோ இடமில்லாத படங்களை எடுத்தார்கள். அவர்கள் எடுத்த திரைப்படம் அவ்வாண்டே நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்டப்பட்டது. இன்னும் என்னை உறுத்துவது, அமெரிக்கப் படையினர் ஊர்மக்களைக் கொன்றுகுவித்த வியட்நாமின் மை லாய். 1968 மார்ச் 16 அன்று அங்கு சென்ற அமெரிக்க இராணுவப் புகைப்படக்காரர் ரொனால்ட் ஹேபர்லி, இராணுவக் கேமராவில் கறுப்பு வெள்ளையிலும் தன் சொந்தக் கேமராவில் வண்ணத்திலும் எடுத்தார். கொல்லப்பட்ட பெண்களும் குழந்தைகளும் கிடந்த காட்சி சொந்தக் கேமராவில் இருந்தது. அப்படங்கள் 1969 நவம்பரில் செய்தித்தாளில் வெளிவந்து உலகை உலுக்கின. வீரர்கள் கொல்லும் செயலையே காட்டிய சிலவற்றைத் தான் அழித்துவிட்டதாகப் பின்னாளில் அவரே சொன்னார். உடன் வந்த வீரர்களைக் காட்டிக்கொடுக்கத் தயங்கும் சிப்பாயும், கண்டதைக் காட்டக் கடமைப்பட்ட புகைப்படக்காரரும் ஒரே உடலில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று எனக்குத் தெரியவில்லை.

உயிரிழந்தவர்களையும் நினைக்கவேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் செய்த கொடியேற்றம் என்றால் செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் எடுத்த ஒரே படம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அவருக்கு அருகில் நின்று அதே காட்சியை வண்ணத் திரைப்படமாக எடுத்த மரீன் சார்ஜன்ட் பில் ஜெனாஸ்ட், சில நாள்களில் அத்தீவிலேயே மாண்டார்.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில், முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் சென்றதாகவும் அவர்களுள் 14 பேர் உயிர் துறந்ததாகவும் கல்வெட்டு உள்ளது. என் மாணவர்களுக்குக் காட்ட அவர்களில் ஒருவருடைய முகமும் என்னிடம் இல்லை. உங்கள் கட்டை அதனால்தான் பெரிதாக மதிக்கிறேன்.

பதில்: ஸ்டுடியோ நடத்துபவர், காட்பாடி

அப்படங்களைத் துணியால் துடைக்காதீர்கள், தண்ணீர் காட்டாதீர்கள், லேமினேஷன் செய்யவே வேண்டாம். நம் ஊர் வெயிலில் தகரப் பெட்டியும் பரணும் அடுப்பைப் போலச் சூடேறும். வீட்டின் குளிர்ந்த அறையில், அமிலமற்ற காகித உறைகளில் தனித்தனியாக வையுங்கள். ரப்பர் பேண்டும் செல்லோடேப்பும் படத்தைக் கறையாக்கும். முன்புறத்தையும் பின்புறத்தையும் குறைந்தது 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) அளவில் ஸ்கேன் செய்யுங்கள். உங்கள் குறிப்புகளை உறையின்மேல் பென்சிலால் எழுதுங்கள். ஏறத்தாழ ஆறு சென்டிமீட்டர் சதுரமாக இருக்கும் படங்கள், நெகட்டிவை நேரடியாகக் காகிதத்தில் வைத்து எடுத்த பிரதிகளாக இருக்கக்கூடும். நெகட்டிவ் எதுவும் இருந்தால் தனியே வையுங்கள். அக்காலத்து பிலிம் சில எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகை. வினிகர் வாடை வந்தால் அசிடேட் வகை சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பெரும்பாலான படங்களில் எஸ்.இ. என்ற எழுத்துகளே உள்ளன. ஒரு படத்தில் ஜீப்பின் அருகே நிற்பவர் தாத்தா என்று அப்பா உறுதியாகச் சொல்கிறார். அவருடைய பணிப் பதிவை எங்கே கேட்பது, ஐயா?

ஓய்வுபெற்ற ஹவில்தார், குடியாத்தம்

வண்டி ஓட்டுநர்கள் பெரும்பாலும் அன்றைய ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோரைச் சேர்ந்தவர்கள். அதன் வழிவந்த, இன்றைய இந்திய இராணுவத்தின் ஆர்மி சர்வீஸ் கோரின் (ஏ.எஸ்.சி.) பதிவகம் பெங்களூரில் உள்ளது. தாத்தாவின் படை எண், முழுப்பெயர், அவருடைய தந்தை பெயர், ஊர் ஆகியவற்றோடு எழுதுங்கள். படை எண் தெரியாவிட்டால் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். இந்தியப் படையினருக்கு வழங்கியவற்றில் அதைப் பொறித்திருப்பதுண்டு. அதுவும் இல்லையென்றால் வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். பழைய ஓய்வூதியத் தாள் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.