தொடர்ச்சிப் படம் ரசிகர் கேட்டபடிதான் வர வேண்டுமா?

ஈசூன் மாமா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற சனிக்கிழமை என் அக்கா மகனுடன் ஒரு சூப்பர் ஹீரோ படத்தின் இரண்டாம் பாகத்தைப் பார்த்தேன். எனக்குப் பிடித்திருந்தது. தேசிய சேவையிலிருந்து வார இறுதி விடுப்பில் வந்திருந்த அவனோ, படம் முடிந்ததும் காப்பிக்கடையில் உட்கார்ந்து, என் தே தாரேக்கில் ஏடு படியும்வரை, கைப்பேசியில் குறித்து வைத்திருந்த குறைகளை ஒவ்வொன்றாக வாசித்தான். முகமூடியின் மஞ்சள், சித்திரக்கதையில் உள்ள மஞ்சளைவிட வெளிறியிருக்கிறதாம். முன்னோட்டத்தில் இரண்டு நொடி வந்த காட்சி படத்தில் இல்லையாம். இறுதியில் இன்னொரு நாயகன் தலைகாட்டியிருக்க வேண்டுமாம். இத்தனைக்கும் அவன் அந்தப் படத்தை இரண்டாவது முறையாகப் பார்க்கிறான்!

ரசிகர்களின் பேச்சைக் கேட்டு எடுத்ததால் ஒரு தொடர்ச்சிப் படம் நன்றாக அமைந்தது உண்டா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோ பாயோ வாசகி எழுதியது:

ஐயா, இந்த வழக்கம் இணையத்துக்கு முந்தியது. 1988இல் பேட்மேன் வேடத்துக்கு மைக்கேல் கீட்டனைத் தேர்ந்தெடுத்தபோது, நகைச்சுவை நடிகருக்கு இந்த வேடமா என்று கொதித்த ரசிகர்கள் அனுப்பிய எதிர்ப்புக் கடிதங்கள் ஏறத்தாழ 50,000 என்று சொல்வார்கள். மறு ஆண்டு படம் வெளிவந்து பெருவெற்றி பெற்றது. 1992இல் வந்த இரண்டாம் பாகத்திலும் அவரே நடித்தார். 2006இல் பேட்மேனின் எதிரியான ஜோக்கர் வேடத்துக்கு ஹீத் லெட்ஜரின் பெயரை அறிவித்தபோதும் இதே கூச்சல்தான். அந்த நடிப்புக்கு, அவர் மறைந்த பிறகு ஆஸ்கர் விருது கிடைத்தது.

எனக்குச் சிரிப்பு வருவது எங்கே தெரியுமா? ஒரு காலத்தில் வேண்டவே வேண்டாம் என்று விரட்டப்பட்ட அதே கீட்டனை, பழைய நினைவில் உருகும் ரசிகர்களை நம்பி, 2023இல் தி ஃபிளாஷ் படத்துக்கு அழைத்து வந்து அதே கறுப்பு உடையை மாட்டிவிட்டார்கள். அந்தப் படம் வசூலில் படுத்துவிட்டது.

தெம்பனிஸ் சிலந்தி எழுதியது:

ஈசூன் மாமாவின் கேள்விக்கு நேரான பதில் 2007இல் வந்த ஸ்பைடர்மேன் 3 என்பேன். இயக்குநர் சாம் ரைமிக்குச் சாண்ட்மேன் என்ற வில்லன்மீதுதான் ஈடுபாடு. மணல் துகள்களிலிருந்து ஒரு மனிதன் மெல்லத் திரண்டு எழுந்து, மகளின் படம் வைத்த பதக்கத்தை எடுக்க முயலும்போது கை உதிர்ந்துபோகும் அந்தக் காட்சியைப் பாருங்கள். வசனம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ரசிகர்கள் வெனம் என்ற இன்னொரு வில்லன் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்ததைக் காட்டித் தயாரிப்பாளர் ஏவி அராட் வற்புறுத்த, தமக்கு மனம் ஒட்டாத பாத்திரத்தையும் ரைமி உள்ளே சேர்த்துக்கொண்டார். மூன்று வில்லன்கள் ஒரு படத்துக்குள் முட்டிமோதினார்கள். வசூல் ஏறத்தாழ 89 கோடி அமெரிக்க டாலர் என்றாலும், கேட்டு வாங்கிய அதே ரசிகர்கள்தான் வெனத்தைக் கெடுத்துவிட்டார் என்று முதலில் திட்டியவர்கள். பின்னாளில் ரைமியே அந்தப் படத்தைப் பற்றிக் கசப்புடன் பேசினார்.

இங்கே சிங்கப்பூரிலும் ஒரு நினைவு உண்டு. 2014 மார்ச்சில் புவி நேர நிகழ்ச்சிக்காக ஆண்ட்ரூ கார்ஃபீல்டும் எம்மா ஸ்டோனும் மரினா பே வந்திருந்தார்கள். விளக்குகள் அணையக் காத்திருந்த கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற இரு பையன்கள், புதிய ஸ்பைடர்மேன் உடையின் கண்கள் சரியான அளவில் இருக்கின்றனவா என்றுதான் வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

உட்லண்ட்ஸ் தம்பி எழுதியது:

அண்ணன், அக்கா, மாமா எல்லாரும் சேர்ந்து ரசிகர்களான எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். ஜஸ்டிஸ் லீக் படத்தை மறந்துவிட்டீர்களே! மகளை இழந்த துயரத்தில் அதன் இயக்குநர் ஸாக் ஸ்னைடர் 2017இல் பாதியில் விலக, வேறோர் இயக்குநர் மாற்றி எடுத்த படம் வெளியானது. ஸ்னைடரின் வடிவம் வேண்டும் என்று ரசிகர்கள் விடாமல் குரல் கொடுத்ததால்தான் 2021இல் அந்த நான்கு மணி நேரப் படம் வந்தது. அவர்களில் பலர் தற்கொலைத் தடுப்புப் பணிக்காக நிதியும் திரட்டினார்கள். அதே கூட்டத்தில் சிலர் முகம் தெரியாதவர்களை இணையத்தில் வசைபாடினார்கள் என்பதை நான் மறுக்கவில்லை, அது அசிங்கம்தான். ஆனால் மற்றவர்கள், தங்கள் மனத்தில் உள்ள படத்தை எடுத்துத் தரச் சொல்லவில்லை. இயக்குநர் எடுக்க நினைத்ததைக் காட்டுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

ஈசூன் மாமா எழுதியது:

தம்பி சொன்ன வேறுபாடு எனக்குத் தோன்றாத ஒன்று. நன்றி. இந்த உரையாடலை முகாமுக்குத் திரும்பும் வழியில் மருமகன் எம்ஆர்டியில் படித்திருக்கிறான். வெனம் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் என்று ஒப்புக்கொண்டு செய்தி அனுப்பினான். மஞ்சள் நிறத்தை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டானாம். அடுத்த சனிக்கிழமை மூன்றாம் முறை பார்க்க நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டான், எனக்கும் சேர்த்து.